சிறிய சப்வூஃபரை எரிக்காமல் ஆழமான பேஸ் கேட்பது எப்படி?

பேஸ் என்னும் தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டிதான் சப்வூஃபர். திருத்துவதற்கு என்னிடம் வரும் சப்வூஃபர்களில் பலவற்றுக்கு, பெட்டியைத் திறப்பதற்கு முன்பே காரணம் தெரிந்துவிடும். கூம்பை விரல்நுனிகளால் மெல்ல உள்ளே அழுத்தினால் கரகரவென்று உரசும். கிட்டப் போய் முகர்ந்தால் கருகிய வார்னிஷ் வாசனை அடிக்கும். பிரித்துப் பார்த்தால், செம்பு நிறத்தில் இருக்க வேண்டிய கம்பிச்சுருள் கறுத்து, அது சுற்றப்பட்டிருக்கும் குழல் உப்பிப்போயிருக்கும். கொண்டுவந்தவர்கள் சொல்வது அநேகமாக ஒன்றுதான்: "பேஸ் காணாது என்று கொஞ்சம் கூட்டினோம்."

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடி வீட்டு ஹோலுக்கு ஆறரை அல்லது எட்டு அங்குலச் சப்வூஃபர் தாராளம். ஆனால் அதனிடம் எதைக் கேட்கிறோம் என்பதை அறிந்து கேட்க வேண்டும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹேர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. பியானோவின் இடப்பக்கக் கடைசிக் கட்டை 27.5 ஹேர்ட்ஸ். சத்தம் குறையாமல் 60 ஹேர்ட்ஸிலிருந்து 30 ஹேர்ட்ஸுக்கு இறங்க வேண்டுமானால், கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். சின்னக் கூம்புக்கு அவ்வளவு ஓட்டம் கிடையாது. பேஸை 6 டெசிபல் கூட்டினால் அம்ப்ளிஃபையர் நான்கு மடங்கு வலுக் கொடுக்க வேண்டும். 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு. இல்லாத வலுவைக் கேட்கும்போது அலையின் முகடு வெட்டுப்படுகிறது, சுருள் சூடேறுகிறது. அந்தக் கருகல் வாசனை இப்படித்தான் வருகிறது.

ஆகவே பேஸ் குமிழைத் தொடாதீர்கள். முதலில் பெட்டியை நகர்த்துங்கள்.

தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதே என்று அங்கே வைத்துவிடுவதுதான் நம் வழக்கம். ஆனால் செங்கல் சுவரும் டைல் தரையும் உள்ள நம் அறைகளில் தாழ்ந்த ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்புகிறது. நான்கு மீற்றர் நீள ஹோலில் சுமார் 43 ஹேர்ட்ஸ் ஒலி இரண்டு சுவர்களின் ஓரமும் கொழுத்து, நடுவில் ஏறக்குறைய இல்லாமலே போகிறது. சோபா அந்த நடுவில்தான் கிடக்கும்! எத்தனை வொட் இறைத்தாலும் அந்தக் குழி நிரம்பாது. சோபாவை அரை மீற்றர் பின்னே தள்ளினாலே ஒலி மாறும்.

எளிய வழி ஒன்று உண்டு. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். பேஸ் சீராக நடக்கும் ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாக முழந்தாளிட்டு நகர்ந்து, தரையருகே காது கொடுத்துக் கேளுங்கள். ஓரிடத்தில் குமுறும், ஓரிடத்தில் வற்றும், ஓரிடத்தில் ஒவ்வொரு சுரமும் தெளிவாகவும் நிறைவாகவும் கேட்கும். சப்வூஃபரை அந்தக் கடைசி இடத்தில் வையுங்கள். மூலையில் சத்தம் அதிகம் என்பது உண்மைதான்; ஆனால் அது பெரும்பாலும் ஒரே சுரத்தில் முழங்கும். நான் வீடுகளுக்குப் போகும்போது வேறு எதற்கும் முன் இதைத்தான் செய்கிறேன். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

அடுத்து, பெட்டியிலுள்ள துவாரம். 40 ஹேர்ட்ஸுக்குப் பொருத்திய பெட்டியில் அதற்குக் கீழான சுரங்களில் காற்று கூம்பைத் தாங்கிப் பிடிக்காது. கூம்பு கட்டற்று அலையும். எனவே அம்ப்ளிஃபையரில் தாழ்சுரத்தை வெட்டும் வடிகட்டி இருந்தால் 30 அல்லது 35 ஹேர்ட்ஸில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் துவாரத்தைத் தடித்த ஸ்பொன்ஜால் இறுக்கமாக அடைத்துப் பாருங்கள். சத்தம் சற்றுக் குறையும். ஆனால் ஒலி சட்டென்று அறுந்துவிடாமல் மெதுவாகத் தேய்வதால், சிறிய அறையில் ஆழம் கூடியதுபோலவே இருக்கும்.

குறுக்குப் புள்ளி, அதாவது மற்ற ஸ்பீக்கர்களிடமிருந்து சப்வூஃபர் ஒலியைப் பொறுப்பேற்கும் எல்லை, 80 ஹேர்ட்ஸில் இருந்தால் பெரும்பாலும் போதும். கூம்பு முன்னும் பின்னும் ஓடும் திசையைப் புரட்டும் ஃபேஸ் ஆளியை இரண்டு பக்கமும் மாற்றிப் பார்த்து, இருக்கையில் எது நிறைவாகக் கேட்கிறதோ அதிலேயே விடுங்கள்.

இரவில் ஒரு விடயத்தில் கவனம் வேண்டும். சத்தத்தைக் குறைத்தால் நம் காது பேஸைத்தான் முதலில் தொலைக்கும். ஃப்ளெச்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இல் இதை அளந்து காட்டினார்கள். அதனால் இரவில் பேஸைக் கொஞ்சம் கூட்டுவதில் தவறில்லை, வலு குறைவாகத்தான் போகிறது. மறுநாள் அதே அளவில் விட்டுவிட்டு வோல்யூமை ஏற்றுவதுதான் பல சுருள்களை எரித்திருக்கிறது. அயலவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்: பெட்டிக்குக் கீழே போடும் றப்பர் விரிப்பு தரையின் அதிர்வைத்தான் குறைக்கும், காற்றில் போகும் பேஸைத் தடுக்காது.

இவ்வளவும் செய்த பிறகும் போதாவிட்டால், இருப்பதைப் போன்ற இன்னொரு சின்னச் சப்வூஃபரை எதிர்ச் சுவரில் வையுங்கள். அறையின் மேடுபள்ளம் பெருமளவு சமமாகும், ஒவ்வொன்றும் படும் பாடும் குறையும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கப் போகும்போது, பெட்டியில் பெரிதாக அச்சிட்ட பி.எம்.பி.ஓ. என்ற ஊதிப் பெருக்கிய வொட் எண்ணை நம்பி விலை பேசாதீர்கள். தொடர்ந்து தாங்கும் வலுவான ஆர்.எம்.எஸ். வொட் எவ்வளவு, எத்தனை ஹேர்ட்ஸ் வரை எத்தனை டெசிபல் குறைவில் இறங்கும் என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்ல முடியாத கடையில் வாங்காமல் அடுத்த கடைக்கு நடங்கள்.