ஆடு செத்துக் கெடந்தா உடனே நரி மேல பழி போடாதீங்க

நான் கால்நடை டாக்டர், தென்னாப்பிரிக்காவுல குவாசுலு-நட்டால் மாகாணத்துல டிராக்கன்ஸ்பெர்க் மலை அடிவாரத்துல, பெர்க்வில், எஸ்ட்கோர்ட் பக்கம் வேலை. நம்ம டர்பன் ஆளுங்களுக்கு ஆடுன்னா மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தும்போது வாங்குறதோட சரி, ஆனா இப்ப கொஞ்ச பேர் சின்னதா பண்ணை போட்டு வளக்கவும் ஆரம்பிச்சிருக்காங்க. மொத குட்டி போனதும் எனக்கு போன் வரும், "நரி அடிச்சிருச்சு டாக்டர், என்ன விஷ மருந்து வைக்கலாம்?"

ஒண்ணும் வைக்காதீங்க. மொதல்ல செத்த ஆட்டை நகத்தாம போட்டோ எடுங்க, அப்புறம் கழுத்துத் தோலை உரிச்சுப் பாருங்க. தொண்டையில சின்னச் சின்ன பல் ஓட்டை, அதைச் சுத்தி உள்ள ரத்தம் கட்டியிருக்கு, விலாவுக்குப் பின்னாடி வயித்தைத் தொறந்து தின்னிருக்குன்னா நரியா இருக்கலாம். ரத்தக்கட்டே இல்லன்னா குட்டி குளிர்லயோ நோய்லயோ முன்னாடியே செத்துப்போச்சு, நரி வந்து மிச்சத்தைத் தின்னிருக்கு, அவ்ளோதான். பின்னந்தொடை, வால், காதுன்னு கண்டபடி கிழிச்சு, நாலஞ்சு ஆட்டைக் கடிச்சுப் போட்டுட்டு ஒண்ணையும் சரியா தின்னாம போயிருந்தா அது நாய்! பக்கத்து வீட்டு நாயா இருக்கும், உங்க சொந்த நாயாகூட இருக்கும், இதைச் சொன்னா யாருக்கும் பிடிக்கிறதில்ல. தோள்ல நகக்கீறல் இருந்தா காரகால்னு சொல்ற காட்டுப்பூனையையும் சந்தேகப்படணும்.

விஷம் வச்சா நரியோட நிக்காது. செத்த ஆட்டைத் தேடி பாறுக் கழுகு கூட்டமா எறங்கும், மொத்தமா சாகும், தாடிப் பாறு தென்னாப்பிரிக்காவுல குஞ்சு பொரிக்கிறதே இந்த மலைத்தொடர்லதான். சட்டப்படியும் குத்தம். இங்க பிரிட்டிஷ்காரங்க ஆண்ட கேப் காலனியில 19ஆம் நூற்றாண்டுலயே நரி வாலுக்குக் காசு குடுத்தாங்க, விஷம் வைக்கறதுக்குன்னே கிளப் நடத்துனாங்க, நரி இன்னும் இருக்கு. ஜோடியா எல்லை பிடிச்சு வாழுற மிருகம் அது, அந்த ஜோடியைச் சுட்டா காலியான எடத்துக்கு வெளிய இருந்து இளசுங்க வந்துடும். அதுக்காக நஷ்டம் பொய்னு சொல்லல, நாடு முழுக்க வருஷத்துக்கு 100 கோடி ராண்டுக்கு மேலன்னு கணக்கு சொல்றாங்க.

என் அனுபவத்துல ராத்திரி கிரால்ல, அதாவது பட்டியில, அடைக்கிறதுக்கு ஈடு எதுவும் இல்ல, ஆடு திருட்டுக்கும் அதே பூட்டுதான். குட்டி போடுறதை முடிஞ்சா ஒரே சீசன்ல வர்ற மாதிரி பாத்துக்கிட்டு, மொத கொஞ்ச வாரம் தாயையும் குட்டியையும் வீட்டுப் பக்கத்துலயே வைங்க. காவலுக்கு அனடோலியன்னு சொல்ற துருக்கி மந்தைக் காவல் நாய் நல்லாவே வேலை செய்யுது, சீட்டா அவுட்ரீச்னு ஒரு சிறுத்தைப் பாதுகாப்பு அமைப்பு 2005லேர்ந்து பண்ணைகளுக்குக் குடுத்துட்டு வர்றாங்க, ஆனா குட்டியிலேர்ந்தே ஆட்டோட படுத்து வளந்த நாயா இருக்கணும், சங்கிலியில கட்டி வச்சா பிரயோஜனமில்ல. ஊர் நாயையும் அப்படிப் பழக்கலாம், தீனிச் செலவும் கம்மி.

கஷ்டம் பொது மேய்ச்சல்லதான். ஜூலு ராஜா பேர்ல ஜனங்களுக்காக வச்சிருக்கிற இங்கோன்யாமா டிரஸ்ட் நிலம் மட்டும் சுமார் 28 லட்சம் ஹெக்டேர், முக்கால்வாசி எடத்துல வேலி கிடையாது, முன்ன மேய்ச்ச பசங்க இப்ப ஸ்கூலுக்குப் போறாங்க (போகணும்தான்), ஆடு பாட்டுக்கு தனியா திரியுது. நீங்க ஒருத்தர் மட்டும் கிரால் போட்டா நரி அடுத்த வீட்டு ஆட்டுக்குப் போகும். அமெரிக்காவுல அரசாங்க மேய்ச்சல் நிலத்துல ஓநாய் தொல்லைன்னு குதிரை மேல ஆள் வச்சு மந்தையைச் சுத்தி வர்றாங்க, இங்க குதிரையெல்லாம் வேணாம், நாலு குடும்பம் சேந்து ஒரு மேய்ப்பருக்குச் சம்பளம் குடுத்தா போதும். நிலம் பொதுங்கறதால முன்கூட்டியே இன்டூனாகிட்ட (ஊர்த் தலைவர்கிட்ட) பேசிடுங்க, அந்த மேய்ப்பர்கிட்ட காவல் நாயையும் பழக்கி விடுங்க, இல்லன்னா வழியில போற பிள்ளைங்களைக் கடிச்சு வேற பஞ்சாயத்து ஆயிடும்.