‘பஞ்சாபி’, ‘ராஜஸ்தானி’ என்று எழுதினால் மட்டும் போதாது

மருத்துவமனைகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களை ஏற்பாடு செய்வதும், சுகாதாரச் செய்திகளை வட இந்திய மொழிகளில் குரல்பதிவாகத் தயாரித்துக் கொடுப்பதும் என் தொழில். எங்களுக்கு வரும் விண்ணப்பங்களில் ‘மொழி’ என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு சொல்தான் இருக்கும்: பஞ்சாபி அல்லது ராஜஸ்தானி. பின்னதற்குப் பதிலாக ‘இந்தி’ என்றே எழுதி அனுப்புபவர்களும் உண்டு. அந்த ஒரு சொல்லை நம்பி ஆளை அனுப்பினால் வேலை முடிந்துவிட்டது போலத் தோன்றும். எதிரில் இருக்கும் முதியவரும் மரியாதைக்காகத் தலையாட்டுவார். மாத்திரையை எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று திருப்பிக் கேட்டால்தான் அவருக்கு எதுவும் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பது தெரியும். இந்த இரண்டு பெயர்களுக்குள்ளும் எத்தனை பேச்சுகள் அடங்கியிருக்கின்றன, எது எந்தப் பகுதிக்கு உரியது என்பதை, இத்தகைய பணிகளுக்கு ஆள் தேடுபவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இந்தியப் பஞ்சாபைப் பொறுத்தவரை ஆறுகளே வழிகாட்டி. ராவிக்கும் பியாஸுக்கும் இடைப்பட்ட மாஜாப் பகுதியில், அதாவது அமிர்தசரஸ், தர்ன் தாரன், குர்தாஸ்பூர் மாவட்டங்களில் பேசப்படுவது மாஜி. எல்லைக்கு அப்பால் லாகூர், குஜ்ரான்வாலா, சியால்கோட் பகுதிகளிலும் இதே பேச்சுதான். பாடநூல்களிலும் வானொலியிலும் கேட்கும் பொதுப் பஞ்சாபி இந்த மாஜியின் மேல் எழுப்பப்பட்டது. பியாஸுக்கும் சட்லெஜுக்கும் நடுவே ஜலந்தர், கபூர்தலா, ஹோஷியார்பூர், நவான்ஷஹர் ஆகியவை தோவாபி பேசும் ஊர்கள். சட்லெஜுக்குத் தெற்கே லூதியானா, மோகா, பரீத்கோட், பட்டிண்டா, மான்ஸா, சங்ரூர் என விரியும் பெரும்பரப்பு மால்வாயிக்கு உரியது. ரூப்நகர், மொஹாலி, பதேகட் சாஹிப், பட்டியாலாவின் கிழக்குப் பகுதி, ஹரியானாவின் அம்பாலா ஆகிய இடங்களில் புவாதி பேசப்படுகிறது. சண்டீகர் நகரமே புவாதி பேசும் கிராமங்களை அகற்றிவிட்டு எழுப்பப்பட்டதுதான் என்றாலும், இன்று அந்த நகரத்தின் தெருக்களில் புவாதியைக் கேட்பது அரிது.

இந்த நான்குக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிய தடையல்ல. ‘உங்களுடைய’ என்பதற்கு அமிர்தசரஸ்காரர் ‘துஹாடா’ என்பார், பட்டிண்டாக்காரர் ‘தோடா’ என்று சுருக்குவார். ‘இருந்தது’ என்பதற்கு மாஜியில் ‘சீ’ என்றால், புவாதியில் இந்தியின் ‘தா’வை ஒட்டிய வடிவம் கேட்கும். பழகிய காது இவற்றை எளிதில் கடந்துவிடும். ஆகவே மால்வாயி பேசும் நோயாளிக்கு ஜலந்தர்க்காரரை அனுப்புவதில் எனக்குத் தயக்கம் இருந்ததில்லை. சிக்கல் தொடங்குவது மேற்கே போகும்போதுதான்.

ராவல்பிண்டி, ஜீலம், குஜர்கான் வட்டாரத்தில் போட்வாரி. அபோட்டாபாத், மான்சேரா, ஹரிப்பூர், பெஷாவர் நகரம் ஆகியவற்றில் ஹிந்த்கோ. முல்தான், பஹாவல்பூர், தேரா காஸிகான் பகுதிகளில் சராய்கி. இவற்றுக்கு இடைப்பட்ட ஜங், சர்கோதா மாவட்டங்களில் ஜங்வி, ஷாஹ்பூரி. இவற்றில் பலவற்றை ஒன்றுசேர்த்து ‘லஹந்தா’, அதாவது மேற்கத்தியது, என்று பெயரிட்டுப் பஞ்சாபியிலிருந்து தனியே பிரித்தவர் இந்திய மொழிக் கணக்காய்வை நடத்திய ஜார்ஜ் கிரியர்சன். பேசுபவர்கள் எவரும் தங்கள் மொழியை அப்படி அழைப்பதில்லை. பாகிஸ்தானின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1981ஆம் ஆண்டில்தான் சராய்கியையும் ஹிந்த்கோவையும் முதன்முதலாகத் தனி மொழிகளாக எண்ணியது. 2017 கணக்கின்படி அந்நாட்டில் பஞ்சாபி பேசுவோர் ஏறத்தாழ 39 விழுக்காடு, சராய்கி பேசுவோர் 12 விழுக்காடு. சராய்கி தனி மொழியா, பஞ்சாபியின் கிளையா என்ற வாதம் அங்கே அரசியலோடு பின்னிக் கிடக்கிறது. அதில் தீர்ப்புச் சொல்வது மொழிபெயர்ப்பு ஏற்பாட்டாளரின் வேலையில்லை. முல்தானைச் சேர்ந்த மூதாட்டிக்கு அமிர்தசரஸ்காரர் போதுமா என்பதே எங்கள் முன் உள்ள கேள்வி, அதற்கு என் அனுபவத்தில் விடை பெரும்பாலும் ‘போதாது’ என்பதுதான்.

ஏன் போதாது என்பதை ஒலியிலிருந்தே விளக்கலாம். இந்தோ-ஆரிய மொழிகளில் பஞ்சாபிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அது தொனி மொழி, அதாவது குரலின் ஏற்ற இறக்கமே சொல்லின் பொருளை மாற்றும் மொழி. குதிரையைக் குறிக்கும் ‘கோடா’ என்ற சொல்லின் முதல் எழுத்து, இந்தியப் பஞ்சாபில் வழங்கும் எழுத்தான குர்முகியில், மூச்சொலி கொண்ட ககரமாக எழுதப்படுகிறது. ஆனால் அமிர்தசரஸிலோ லாகூரிலோ அந்த மூச்சொலியும் இல்லை, அதிர்வும் இல்லை. தமிழின் சொல் முதல் ககரம் போன்ற வல்லொலியே வருகிறது, தொலைந்த மூச்சொலிக்கு ஈடாக அடுத்து வரும் உயிரொலி தாழ்ந்த தொனியில் இறங்குகிறது. இதே சொல்லை முல்தானில் பழைய மூச்சொலியோடே சொல்வார்கள். அதோடு சராய்கியில் காற்றை உள்ளிழுத்துச் சொல்லும் மெய்யொலிகளும் உண்டு, அவை மாஜியில் இல்லை. (இவ்வொலிகளில் எதையும் நம் தமிழ் எழுத்தில் காட்ட வழியில்லாததால், இந்தப் பத்தியைப் படிப்பவர்கள் ஒரு பதிவையாவது காதால் கேட்டுப் பார்ப்பது நல்லது.) இலக்கணமும் விலகுகிறது. ‘செய்வான்’ என்பதற்கு மாஜியில் ‘கரேகா’, சராய்கியில் ‘கரேசி’. ‘நாளைக்கு வருவார், ஊசி போடுவார்’ என்று எதிர்காலத்திலேயே பேச வேண்டிய மருத்துவ உரையாடலில் இத்தகைய வினைமுடிவுகள் ஒவ்வொரு வாக்கியத்திலும் வந்துகொண்டிருக்கும்.

இந்த மேற்குப் பேச்சுகள் இந்தியாவிலும் இருக்கின்றன என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1947 பிரிவினையின்போது முல்தான், ஜங், பஹாவல்பூர், பன்னு பகுதிகளிலிருந்து வந்தவர்கள் ஹரியானாவின் பானிபட், ரோஹ்தக், ஹிசார், பரீதாபாத் நகரங்களிலும், தில்லியிலும், பஞ்சாபின் ராஜ்புராவிலும் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்கள் குடும்பங்களில் மூத்தவர்கள் முல்தானியோ ஜங்வியோ பேச, நடுத்தலைமுறை பஞ்சாபி பேச, பேரப்பிள்ளைகள் இந்தி மட்டுமே பேசுவதைக் காணலாம். விண்ணப்பத்தை நிரப்புவது பேரன். ‘பஞ்சாபி’ என்று அவன் எழுதுவது தன் குடும்ப அடையாளத்தைத்தானே தவிர, பாட்டியின் பேச்சை அல்ல.

பிரிட்டனிலும் இதே நிலைதான். பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரின் மீர்ப்பூர் பகுதியில் 1960களில் மங்களா அணை கட்டப்பட்டபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். அவர்களில் பலர் பிரிட்டனுக்குச் சென்று, பர்மிங்ஹாம், பிராட்போர்டு போன்ற தொழில் நகரங்களில் குடியேறினர். அவர்களின் பேச்சு போட்வாரிக்கு நெருங்கிய பஹாடி. படிவத்திலோ உருது என்றோ பஞ்சாபி என்றோதான் பதிவாகிறது.

ராஜஸ்தானியின் நிலை பஞ்சாபியின் நிலைக்கு நேர்மாறானது. பஞ்சாபிக்கு எழுத்து உண்டு, 1966 நவம்பர் 1 முதல் மொழி அடிப்படையில் அமைந்த மாநிலம் உண்டு, எல்லாரும் ஏற்கும் பொதுவழக்கும் உண்டு. ராஜஸ்தானிக்குப் பழைய இலக்கியம் இருக்கிறது. 1971இல் சாகித்திய அகாதெமியின் ஏற்பும் கிடைத்தது. 2003 ஆகஸ்டில் மாநிலச் சட்டமன்றம், அரசியலமைப்பு ஏற்கும் மொழிகளின் பட்டியலான எட்டாம் அட்டவணையில் அதைச் சேர்க்கக் கோரி ஒருமனதாகத் தீர்மானமும் நிறைவேற்றியது. ஆனாலும் அட்டவணையில் இன்னும் இடமில்லை, பள்ளியிலும் அலுவலகத்திலும் இந்தியே. ஆகவே ‘ராஜஸ்தானி மொழிபெயர்ப்பாளர் வேண்டும்’ என்று கேட்டால், எந்த ராஜஸ்தானி என்று திருப்பிக் கேட்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை.

மேற்கே ஜோத்பூர், பாலி, நாகௌர், பாட்மேர், ஜைசல்மேர், பிகானேர் ஆகியவை மார்வாடியின் நிலம். சீக்கர், ஜுன்ஜுனு மாவட்டங்களின் ஷேகாவாட்டி அதற்கு நெருங்கியது. உதய்பூர், ராஜ்சமந்த், சித்தோர்கட், பீல்வாடாவில் மேவாடி. ஜெய்ப்பூர், தௌசா, டோங்க் பகுதிகளில் டூண்டாரி. கோட்டா, பூந்தி, பாரான், ஜாலாவாட் மாவட்டங்களில் ஹாடௌதி. அல்வரிலும் ஹரியானாவின் நூஹ் மாவட்டத்திலும் மேவாத்தி. மாநில எல்லையைத் தாண்டி மத்தியப் பிரதேசத்தின் உஜ்ஜயினி, இந்தூர், ரத்லாம் பகுதிகளில் பேசப்படும் மால்வியையும் கிரியர்சன் ராஜஸ்தானியோடுதான் சேர்த்தார். தெற்கே துங்கர்பூர், பான்ஸ்வாடாவின் வாக்டி பீல் மொழிகளோடு சேர்க்கப்படுவது; பரத்பூர், தோல்பூரில் பேசப்படுவது பிரஜ். ஆக, ராஜஸ்தானில் பேசப்படுவதெல்லாம் ராஜஸ்தானியும் அல்ல.

மேற்கையும் கிழக்கையும் பிரித்தறிய இரண்டே அடையாளங்கள் போதும் என்று புதிதாகப் பணிக்கு வருபவர்களிடம் சொல்வேன். ‘ராமனுடைய வீடு’ என்பதை ஜோத்பூர்க்காரர் ‘ராம் ரோ கர்’ என்பார், ஜெய்ப்பூர்க் கிராமத்தவர் ‘ராம் கோ கர்’ என்பார். ‘இருக்கிறது’ என்பதற்கு மார்வாடியில் ‘ஹை’; டூண்டாரியிலும் ஹாடௌதியிலும் குஜராத்தியை நினைவூட்டும் ‘சை’. மார்வாட் பகுதியின் தெற்கிலும் மேவாட் பகுதியிலும் சகரம் ஹகரமாக மாறுவதும் கவனிக்கத்தக்கது. சாலையைக் குறிக்கும் ‘சடக்’ அங்கே ‘ஹடக்’ ஆகிவிடும். சென்னை சௌகார்பேட்டையில் நாம் மொத்தமாக ‘சேட்டு’ என்றும் ‘மார்வாடி’ என்றும் அழைப்பவர்களில் பாலி, ஜாலோர் பக்கத்துக் குடும்பங்கள் கணிசமாக உண்டு. அவர்களின் வீட்டுப் பேச்சு பிகானேர்க்காரரின் மார்வாடி அல்ல. அங்கே கடை வைத்திருக்கும் சிலர் மார்வாடிகளே அல்லர், குஜராத்திகள்.

எண்ணிக்கையைப் பார்த்துத் திட்டமிடுபவர்கள் 2011 கணக்கெடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அதில் பஞ்சாபிக்கு 3.31 கோடி என்ற தனிக் கணக்கு இருக்கிறது. ராஜஸ்தானி 2.58 கோடி, மார்வாடி 78 லட்சம், மால்வி 52 லட்சம், மேவாடி 42 லட்சம், ஹாடௌதி 29 லட்சம், டூண்டாரி சுமார் 15 லட்சம் என்று காட்டப்பட்டிருப்பவை எல்லாம் இந்தியின் 52.8 கோடிக்குள் அடங்கிய உட்பிரிவுகள். இவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு ‘டூண்டாரிக்குப் பதினைந்து லட்சம் பேர்தான், தனிப் பதிவு தேவையில்லை’ என்று முடிவெடுப்பது தவறு. டூண்டாரி பேசுபவரே ‘ராஜஸ்தானி’ என்றும் சொல்லியிருக்கலாம், ‘இந்தி’ என்றும் சொல்லியிருக்கலாம். கணக்கெடுப்பு பதிவு செய்வது மக்கள் சொன்ன பெயரையே. பெயர் சொல்வதில் அரசியலும் கலந்துவிடும் என்பதற்குப் பஞ்சாபே சான்று: 1951 கணக்கெடுப்பில் அங்கே இந்தி பேசுவோரையும் பஞ்சாபி பேசுவோரையும் தனித்தனியே பிரித்து வெளியிடக்கூட இல்லை, அந்த அளவுக்கு வாதம் முற்றியிருந்தது.

இரண்டு மொழிகளும் சந்திக்கும் இடத்தில்தான் இந்தப் பெயர்க்குழப்பம் உச்சத்தைத் தொடுகிறது. ராஜஸ்தானின் ஹனுமான்கட், ஸ்ரீ கங்காநகர், ஹரியானாவின் சிர்சா, பதேஹாபாத், பஞ்சாபின் அபோஹர் வட்டாரம் ஆகிய மூன்று மாநில முனையில் பேசப்படுவது பாக்ரி. இலக்கணத்தில் ராஜஸ்தானி, ஆனால் பஞ்சாபியைப் போலவே தொனிகளும் கொண்டது. கணக்கெடுப்பு அட்டவணையில் இது இந்திக்குக் கீழே ஒருமுறையும் பஞ்சாபிக்குக் கீழே ஒருமுறையும் இடம்பெற்றிருக்கிறது. இதே மண்ணில் 1927இல் பிகானேர் மன்னர் கங்கா சிங் காலத்தில் கங்கக் கால்வாய் திறக்கப்பட்ட பிறகு, பஞ்சாபிலிருந்து சீக்கிய உழவர்கள் வந்து குடியேறினார்கள். கால்வாய் வழியே அமைந்த கிராமங்களுக்கு எண்ணும் எழுத்தும் சேர்ந்த பெயர்கள், ‘சக்’ என்பார்கள். அத்தகைய ஒரு சக்கில் பதிவு வேலைக்காக உட்கார்ந்திருந்தபோது, தாய்மொழி இந்தி என்று எங்கள் படிவத்தில் சொல்லியிருந்த முதியவர், பேரனைப் பாக்ரியில் அதட்டினார். டிராக்டரை நிறுத்திவிட்டு வந்த பக்கத்து வயல்காரர் மால்வாயிச் சாயலுள்ள பஞ்சாபியில் ஏதோ கேட்க, முதியவர் பாக்ரியிலேயே பதில் சொன்னார். இருவரும் அவரவர் மொழியை விட்டு நகரவே இல்லை, ஒருவருக்கு மற்றவர் சொன்னது புரியாமலும் போகவில்லை. ஆனால் எங்கள் கருவியில் ஓடிய தூய இந்திச் செய்தியைக் கேட்டு அந்த வீட்டுப் பெரியம்மா ‘கோனீ’ என்று கையை ஆட்டினார். இல்லை என்பதற்கு அந்த வட்டாரம் முழுக்க வழங்கும் சொல் அது.

விண்ணப்பம் அனுப்புபவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, மொழிப்பெயரோடு ஊர், தாலுகா, மாவட்டம் மூன்றையும் குறிப்பிடுங்கள் என்பதே. 1947இல் இடம்பெயர்ந்த குடும்பமாக இருந்தால் எல்லைக்கு அப்பால் எந்த ஊர் என்பதையும் எழுத வேண்டும். வயதையும் மறக்காதீர்கள், ஜெய்ப்பூர் நகரத்து இளைஞருக்கு இந்தியே போதுமானதாக இருக்கலாம், அவருடைய கிராமத்துப் பாட்டிக்குப் போதாது. பெயர்கள் ஒத்திருப்பதால் விளையும் தவறுகளையும் கவனியுங்கள்: பஞ்சாபின் மால்வாயி வேறு, உஜ்ஜயினியின் மால்வி வேறு, வடக்கே உள்ள பாக்ரி வேறு, தெற்கே உள்ள வாக்டி வேறு. கணினியில் மால்வாயியும் மால்வியும் அகர வரிசையில் அடுத்தடுத்து நிற்பதால் தவறான கோப்பு போய்ச் சேர்வது அடிக்கடி நடக்கிறது. குரல்பதிவு முடிந்ததும், எழுதிய பிரதியைப் படித்துப் பார்த்து ஒப்புதல் தராமல், அந்தத் தாலுகாவைச் சேர்ந்த, பள்ளி செல்லாத ஒருவரைக் கேட்கச் செய்து, கேட்டதைத் தம் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ‘புரிந்ததா’ என்று கேட்டால் கிடைக்கும் ‘ஆம்’ எதற்கும் உதவாது. ராஜஸ்தானில் பெண்களுக்கான செய்தியாக இருந்தால் கேட்பவரும் பெண்ணாக இருக்க வேண்டும், அதுவும் மருமகளாக வேற்றூரிலிருந்து வந்தவராக இல்லாமல் அந்த வட்டாரத்திலேயே பிறந்தவராக இருப்பது நல்லது. ஷேகாவாட்டியிலிருந்து மணமாகி ஜெய்ப்பூர்ப் பக்கம் வந்தவர் இரண்டு பேச்சையும் புரிந்துகொள்வார் என்பதால், அவரை வைத்துச் செய்யும் சோதனை பதிவின் குறையைக் காட்டிக்கொடுக்காது.