சுண்டைக்காய் சீலும் சுமைகூலியும்: ஆயில் குடிக்கும் காருக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

"வண்டி ஆயில் குடிக்குது சார், இன்ஜினை இறக்கியே ஆகணும்" என்று ஒரு ஒர்க் ஷாப்பில் சொல்வார்கள். அடுத்த தெருவில் கேட்டால் "ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும்" என்பார்கள். மூன்றாவது மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒரு சின்ன வால்வை மாற்றிப் பார்ப்போம், அப்புறம் பேசலாம்" என்பார். ஒரே கார், ஒரே புகார். விலை மட்டும் ஆயிரத்தில் தொடங்கி எழுபது எண்பதாயிரம் வரை ஏறி நிற்கும். மூவரில் இரண்டு பேராவது நம்மை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். ஏமாற்றுகிறவர்களும் உண்டுதான். ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு: மூவரும் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். அதில் எது நம் காருக்கு வேண்டிய வேலை என்பது, ஆயில் எந்த வழியாகக் காணாமல் போகிறது என்று தெரிந்தால்தான் தெரியும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். நிறையத்தான். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அந்தத் தூரம் ஓட 1,000 நிமிடம் ஆகும். இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால், நான்கு சிலிண்டரிலும் சேர்த்து 40 லட்சம் முறை பெட்ரோல் வெடிக்கும். ஒரு லிட்டரை 40 லட்சத்தால் வகுத்தால், ஒரு வெடிப்புக்குக் கால் கன மில்லிமீட்டர். ஒரு சொட்டு ஆயில் கிட்டத்தட்ட இருநூறு வெடிப்புகளுக்குக் காணும். சிலிண்டரின் குறுக்களவு 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 75 மி.மீ. என்றால் (1.2 லிட்டர் வகைச் சின்னக் கார்களின் அளவு ஏறத்தாழ இதுதான்), சிலிண்டர் சுவரின் பரப்பு சுமார் 16,500 சதுர மில்லிமீட்டர். அந்தக் கால் கன மில்லிமீட்டரை இந்தச் சுவர் முழுக்கப் பூசினால், பூச்சின் தடிமன் 0.015 மைக்ரான். தலைமுடியின் தடிமனை நாலாயிரம் பங்கிட்டால் அதில் ஒரு பங்குகூட வராது.

அவ்வளவுதான் தப்பிக்கிறது. அதற்கே ஆயிரம் கிலோமீட்டரில் ஒரு லிட்டர் காலி. இன்ஜினுக்குள் ஆயிலைத் தடுத்து நிறுத்துவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆயிலே குறையாத இன்ஜின் என்று ஒன்று கிடையாது என்பதும் இதிலிருந்து புரியும். அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை 1,000 கிலோமீட்டருக்குக் குறையலாம் என்று பல கம்பெனிகளின் கையேடுகளே சொல்கின்றன. என் கருத்தில் அந்த மேல் எல்லை கம்பெனி தன்னைக் காத்துக்கொள்ளப் போட்டது. சின்னக் காரின் சம்ப்பில், அதாவது இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில், இருப்பதே மூன்று, நான்கு லிட்டர். சர்வீஸோ 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை. கையேட்டை நம்பி, ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியைத் தொடாமல் ஓட்டினால் பாதி வழியிலேயே இன்ஜின் சீஸ் ஆகி, இறுகி நின்றுவிடும்.

சரி, ஆயில் எங்கேதான் போகிறது? போக நான்கைந்து வழிகள்தான் உண்டு.

பெரிய வழி பிஸ்டன் ரிங். ஒவ்வொரு பிஸ்டனிலும் பொதுவாக மூன்று ரிங். மேலே இரண்டும் வெடிப்பின் அழுத்தம் கீழே போகாமல் பிடிப்பவை. மூன்றாவது ஆயில் ரிங். சுவரில் தெறித்த ஆயிலை, தோசைக்கல்லைத் துடைப்பது மாதிரி, மெல்லிய படலம் மட்டும் மிஞ்சும்படி வழித்து எடுக்கும். வழித்த ஆயில் பிஸ்டனில் உள்ள சிறு துளைகள் வழியாகத் திரும்பச் சம்ப்புக்கே போகும். அந்தத் துளைகளில் கரி அடைத்தால் வழித்த ஆயில் போக இடமில்லாமல் மேலேயே தங்கும். ரிங்கும் தன் பள்ளத்திலேயே கரியோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றுவிடும். கவனியுங்கள், இங்கே எதுவும் தேயவில்லை. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டதாலோ, பக்கத்துத் தெருவுக்குப் போய்வரும் குட்டி ஓட்டங்களாலோ கரி சேர்ந்திருக்கலாம்.

சில இன்ஜின்களில் பிறவியிலேயே இந்தக் குறை உண்டு. டொயோட்டாவின் 2ஏஇசட்-எஃப்இ என்ற 2.4 லிட்டர் இன்ஜின் பேர்போன உதாரணம். 2007 முதல் 2009 வரை அமெரிக்காவில் விற்ற கேம்ரி கார்களில் இது ஆயிலைக் குடித்தது. 2011-இல் கம்பெனி தன் டீலர்களுக்கு ஒரு தொழில்நுட்பக் குறிப்பை அனுப்பியது. ஆயிலை அளந்து ஊற்றி, 1,200 மைல் ஓட்டிவரச் சொல்லி, அதற்குள் ஒரு குவார்ட், அதாவது கிட்டத்தட்ட ஒரு லிட்டர், குறைந்திருந்தால் புது வடிவப் பிஸ்டனும் ரிங்கும் போட வேண்டும் என்பது ஏற்பாடு. 2015-இல் இதற்கான உத்தரவாதத்தையும் நீட்டித்தார்கள். சுபாருவுக்கும் இதே தலைவலி. வழக்கு நீதிமன்றம் வரை போய் 2016-இல் சமரசம் ஆனது. ஆகவே எஸ்டிமேட் கேட்கும் முன்பே, உங்கள் மாடலுக்கு இப்படி ஒரு வரலாறு உண்டா, உத்தரவாதத்தில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது வழி வால்வு சீல். சிலிண்டர்களுக்கு மேல்மூடியான ஹெட்டுக்குள், காற்றை உள்ளேயும் புகையை வெளியேயும் விடும் ஒவ்வொரு வால்வின் தண்டையும் சுற்றி ஒரு ரப்பர் தொப்பி இருக்கும். மேலே, வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம்ஷாஃப்ட் பக்கம் தளும்பும் ஆயில், தண்டு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்காமல் தடுப்பது அதுதான். சூட்டில் கிடந்து கிடந்து பழைய ரப்பர் செருப்பு மாதிரி விறைத்துப் போகும். இரவு முழுக்க நிறுத்திய வண்டியில் ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கிக் காத்திருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நீலப் புகை குப்பென்று வரும், பிறகு நின்றுவிடும். இன்னொரு அடையாளம் மலைப்பாதையில் தெரியும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கியரில் போட்டபடி, ஆக்ஸிலேட்டரில் காலை வைக்காமல் இறங்குகிறீர்கள். காற்று வரும் வாசல் மூடியிருக்க, பிஸ்டன்கள் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உள்ளே வரும் குழாயில் காற்றழுத்தம் வெளிக்காற்றின் மூன்றில் ஒரு பங்குக்குக்கூட இறங்கிவிடும். அந்த உறிஞ்சலில் ஆயிலும் சேர்ந்து உள்ளே வரும். கீழே வந்து ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் பின்னால் வருகிறவர் ஹாரன் அடிக்கும் அளவுக்குப் புகை. மாறாக, சமவெளியில் ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் விடாமல் புகைந்தால் சந்தேகம் ரிங் பக்கம் திரும்ப வேண்டும்.

புகை ஏன் நீலம்? எரியாத ஆயில் மிக நுண்ணிய துளிகளாக வெளியேறுகிறது. அவ்வளவு சின்னத் துளிகள் நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும். வானம் நீலமாகத் தெரிவதற்குப் பக்கத்து வீட்டுக் காரணம். வெள்ளைப் புகை விடாமல் வந்து இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் குறைந்தால் அது ஹெட்டுக்கு அடியில் இருக்கும் பேக்கிங்கின், அதாவது ஹெட் கேஸ்கெட்டின் கதை, ஆயில் கதை அல்ல.

மூன்றாவது, பலரும் மறந்துவிடும் வழி. ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே கசிவது எல்லா இன்ஜினிலும் இயல்பு. அதை வெளியே விடாமல் மறுபடி எரிக்க அனுப்பும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதன் வாசற்காவலன்தான் பி.சி.வி. வால்வு. அது திறந்தபடியே மாட்டிக்கொண்டால் வாயுவோடு ஆயில் தூவலையும் சேர்த்து உறிஞ்சும். அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நன்றாக இருந்த சீல்களிலும் ஆயிலைப் பிதுக்கும். பெரும்பாலான கார்களில் சில நூறு ரூபாய்ச் சாமான். இதைப் பார்க்காமல் இன்ஜினை இறக்கச் சொல்கிறவரிடம் நான் வண்டியை விடமாட்டேன்.

மிச்சம் எளிது. டேப்பட் கவர் பேக்கிங், கிராங்க் ஆயில் சீல், டிரெயின் போல்ட் வாஷர் போன்ற இடங்களில் வெளியே கசிந்தால், இரவில் வண்டிக்கு அடியில் விரித்த அட்டைப்பெட்டியே காட்டிக்கொடுக்கும். டர்போ உள்ள வண்டியானால் டர்போவிலிருந்து போகும் காற்றுக் குழாயைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே ஆயில் தேங்கி நின்றால் சந்தேகம் அங்கே.

இப்போது விலைக்கு வருவோம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். வால்வு சீல் அப்படிப்பட்ட சுண்டைக்காய். செட்டுக்கே பெரிய காசில்லை, ஆனால் அதைத் தொட வேண்டுமானால் கேம்ஷாஃப்ட்டைக் கழற்றி, வால்வு ஸ்பிரிங்கை அமுக்கி எடுக்க வேண்டும். ஆயில் ரிங் அதைவிடக் கீழே, இன்ஜினின் வயிற்றில் உட்கார்ந்திருக்கிறது. ஆக, எஸ்டிமேட்டில் நாம் காசு கொடுப்பது சாமானுக்கு இல்லை, ஆழத்துக்கு. எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதற்கு மெக்கானிக்கிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? விலையைப் பேரம் பேசுவதற்கு முன் இதைத்தான் கேட்க வேண்டும்.

"கம்ப்ரஷன் பார்த்தோம் சார்" என்பது வழக்கமான பதில். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளையில் மீட்டர் மாட்டி, செல்ஃப் அடித்து, சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது. எண் குறைவாக இருந்தால் துளை வழியாக ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு உட்காரும் இடத்தில் கோளாறு. நல்ல சோதனைதான், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. கம்ப்ரஷனைப் பிடிப்பவை மேலிரண்டு ரிங்குகள். மூன்றாவது ஆயில் ரிங் கரியில் ஒட்டிக் கிடந்தாலும் மீட்டர் நல்ல எண்ணையே காட்டும். வால்வு சீலுக்கும் கம்ப்ரஷனுக்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே "கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது, அதனால் ரிங் பிரச்சினை இல்லை" என்பது தவறு. "கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது, ஆனாலும் போர் போய்விட்டது, ரீபோர் பண்ணணும்" என்று, அதாவது சிலிண்டரின் உட்சுவர் தேய்ந்துவிட்டது, அதைக் கடைந்து பெரிதாக்க வேண்டும் என்று சொன்னால் அதைவிடத் தவறு.

பிளக் துளையில் குட்டிக் கேமராவை விட்டுப் பார்ப்பது இன்னும் பேசும். பிஸ்டன் தலை முழுக்கக் கரி படிந்திருக்க, ஓரம் மட்டும் கழுவிவிட்டது போல ஈரமாகப் பளபளத்தால் ஆயில் ரிங் வழியாக ஏறுகிறது. சிலிண்டர் சுவரில் தொழிற்சாலையில் போட்ட குறுக்குக் கோடுகள் இன்னும் தெரிந்தால் போர் பெரிதாகத் தேயவில்லை. காற்றழுத்திச் சோதிப்பதும் உண்டு: சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். ஆயில் ஊற்றும் வாயில் உஸ்ஸென்றால் ரிங், சைலன்சரில் கேட்டால் வெளியேற்றும் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். இந்தச் சோதனைகளுக்குத் தனியாக ஆயிரம், இரண்டாயிரம் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்கலாம். மொத்தச் செலவில் புத்திசாலித்தனமான பகுதி அதுதான்.

இன்ஜினைத் திறந்தே ஆக வேண்டும் என்று உறுதியானால், மிகக் குறைந்த எஸ்டிமேட்டைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும். ரிங் செட், கேஸ்கெட் செட், ராட் பேரிங், வால்வு சீல், சில இன்ஜின்களில் ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தக் கூடாத ஹெட் போல்ட், டைமிங் பெல்ட் அல்லது செயின், புது ஆயில், கூலன்ட். இவை தனித்தனி வரியாக இருக்கிறதா? லேத் வேலை உண்டா? சிலிண்டர் காலப்போக்கில் வட்டம் கெட்டு, மேலே அகன்றும் கீழே குறுகியும் தேயும். அதை மீட்டர் வைத்து அளக்காமல் புது ரிங் போடுவது, வளைந்த பாத்திரத்துக்கு நேரான மூடி போடுவது போலத்தான். ஆறு மாதத்தில் புகை திரும்பிவிடும். அளவு தாண்டியிருந்தால் 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிதாக்கி ரீபோர் செய்து, அதற்கேற்ற பிஸ்டன் போடுவார்கள். அளந்த எண்களை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். காட்டுகிறவர் பத்தாயிரம் கூடக் கேட்டாலும் அவரே மலிவு. சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய இன்ஜின் வாங்கி மாட்டலாம் என்பவர்களும் உண்டு. அதன் ஆயில் ரிங் எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு, ஆர்.சி.யில் இன்ஜின் நம்பரை மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைய வேண்டும்.

ஒன்றுமே செய்யாமல் ஓட்டினால்? அதையும் கணக்குப் போடலாம். 1,000 கிலோமீட்டருக்கு 300 மில்லி குறைகிறது, வருடம் 10,000 கி.மீ. ஓட்டம், ஆயில் லிட்டர் 500 ரூபாய் என்றால் வருடத்துக்கு 1,500 ரூபாய். எழுபதாயிரம் செலவழித்து இதைச் சரிசெய்தால் போட்ட காசு திரும்பக் கிட்டத்தட்ட நாற்பத்தேழு வருடம் ஆகும். ஒரு லிட்டர் குறைந்தால்கூட பதினான்கு வருடம். இதில் ஒரு மறைவுச் செலவை மட்டும் சேர்க்க வேண்டும்: ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கக் கலந்திருக்கும் பாஸ்பரஸ், எரிந்து வெளியேறும்போது புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் மேல் படிந்து அதைச் செயலிழக்க வைக்கும். அது விலை உயர்ந்த சாமான். பிளக்கிலும் கரி கட்டும். 500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்ற நிலைக்கு வந்த வண்டியை அப்படியே ஓட்டுவது சரிப்படாது. அப்போதும் எஸ்டிமேட்டின் பக்கத்தில் வண்டியை இன்று விற்றால் கிடைக்கும் விலையை எழுதிப் பார்க்க வேண்டும்.

நடுவில் மலிவான முயற்சிகள் இருக்கின்றன. பிளக் துளை வழியாகக் கரி கரைக்கும் திரவம் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, அதை உறிஞ்சி எடுத்துவிட்டு ஆயிலை மாற்றினால் ஒட்டிய ரிங் சில சமயம் விடுபடும். தேய்ந்த ரிங்குக்கு அது பயன்படாது. கெட்டியான ஆயில் ஊற்றினால் பழைய வண்டியில் கொஞ்சம் குறையும். புது இன்ஜின்களில் ஆயில் ஓடும் பாதைகள் குறுகல் என்பதால், கையேட்டில் அனுமதித்த கெட்டியைத் தாண்டக் கூடாது.

எந்த முடிவுக்கும் முன்னால் உங்கள் கையில் ஒரு எண் இருக்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். மேல் கோடு வரை ஊற்றிக் கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, 1,000 கி.மீ. ஓடியபின் அதே இடத்தில் அதே மாதிரி நிறுத்தி, மறுபடி மேல் கோட்டைத் தொட எத்தனை மில்லி தேவைப்பட்டது என்று எழுதுங்கள். வேலை முடிந்து வண்டி வந்த பிறகும் இதே அளவை எடுங்கள். புது ரிங் சுவரோடு பழகி உட்கார ஓரிரண்டாயிரம் கிலோமீட்டர் ஆகும், அதுவரை கொஞ்சம் ஆயில் குறையத்தான் செய்யும். முதல் வாரமே மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள்.