வானத்தைக் காப்பாற்றுங்கள், வயலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்

போன ஆடியில் தென்காசி மாவட்டத்துச் சுரண்டைப் பக்கம் சூரியகாந்தி பூத்திருந்த சமயம், ஒரு தம்பி என்னிடம் கேமராவை நீட்டி, "அண்ணே, சென்சார் போயிருச்சான்னு பாருங்க, மேகம் எல்லாம் வெள்ளையா வருது" என்றார். மாலை ஐந்தரை இருக்கும். மேற்கே மலை, அதன்மேல் சாரல் மேகம், மேகத்துக்குப் பின்னால் சூரியன். அவர் எடுத்த படத்தில் பூக்கள் சுமாராகத் தெரிந்தன, மலைக்கு மேலே வெறும் வெள்ளைக் காகிதம். வெளிச்சத்தைப் பதியும் அந்தச் சென்சாருக்கு ஒன்றுமில்லை. இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்களில் பலர் புதுக் கேமரா வாங்கும் முடிவோடுதான் வருகிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் கேமராவிலேயே ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சின்ன இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது) வைத்து, லென்ஸ் துவாரத்தை எஃப் 11-இல் நிறுத்தி அளந்து காட்டினேன். மேகத்துக்கு ஷட்டர் 1/500 வினாடி திறந்தால் போதும், பூ வரிசைக்கு 1/15 வேண்டும். ஐந்து ஸ்டாப் வித்தியாசம். ஒரு ஸ்டாப்புக்கு வெளிச்சம் இரட்டிப்பு என்றால் மேகம் வயலைவிட 32 மடங்கு பிரகாசம். நம் கண் மேலே பார்க்கும்போது ஒரு மாதிரியும் கீழே பார்க்கும்போது ஒரு மாதிரியும் மாறிக்கொள்வதால் நமக்கு இது உறைப்பதே இல்லை. கேமரா பாவம், அதற்கு ஒரே ஷட்டர், ஒரே எக்ஸ்போஷர், அதாவது மொத்தப் படத்துக்கும் ஒரே அளவு வெளிச்சம்தான் உள்ளே விட முடியும். படத்தில் முக்கால்வாசி இருட்டு வயல் என்றால், ஐயோ இருட்டாக இருக்கிறதே என்று அது மொத்தத்தையும் தூக்கிவிடும், வானம் போயே போச்சு.

இங்கே ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். வெளுத்துப்போன இடத்தில் தகவல் என்று எதுவும் கிடையாது, எந்த மென்பொருளாலும் அதிலிருந்து மேகத்தைக் கொண்டுவர முடியாது. இருட்டான இடத்தில் தகவல் இருக்கிறது, கொஞ்சம் நாய்ஸோடு, அதாவது மணல் தூவிய மாதிரிப் புள்ளிகளோடு. அதனால் வானத்துக்குத்தான் எக்ஸ்போஷர் வைக்க வேண்டும். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுங்கள் (கேமரா சுருக்கித் தரும் வழக்கமான ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், 14 பிட் ராவில் 16,384), ஒளி உணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 100-இல் வையுங்கள், வெளுத்த இடங்களைத் திரையில் மினுக்கிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையை ஆன் செய்துவிட்டு, மேகத்தில் மினுக்கல் நிற்கும்வரை எக்ஸ்போஷரைக் கூட்டிக் குறைக்கும் காம்பன்சேஷனை மைனஸில் இறக்கிக்கொண்டே போங்கள். சூரியனே படத்துக்குள் இருந்தால் அந்த வட்டம் மினுக்கினால் மினுக்கட்டும், அதை யாராலும் அடக்க முடியாது. கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் (இருட்டு, வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்), மினுக்கல் இரண்டும் ராவுடையது இல்லை, உள்ளே தயாராகும் ஜேபெக்குடையது, அதனால் ராவில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கும். ஆனால் அதை நம்பி விளையாட வேண்டாம். திரையில் வயல் கன்னங்கரேலென்று தெரியும். பயப்படாதீர்கள்.

ஃபில்டர் போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்பார்கள். மேல்பாதி கருப்பாகவும் கீழ்ப்பாதி தெளிவாகவும் இருக்கும் கிராஜுவேட்டட் என்டி என்ற கண்ணாடியைச் சொல்கிறார்கள், அதில் 0.6 என்று போட்டிருந்தால் வானத்தில் இரண்டு ஸ்டாப் குறையும், 0.9 என்றால் மூன்று. கன்னியாகுமரிக் கடல் மாதிரி கோடு போட்ட அடிவானத்துக்கு அருமையான சாமான். தென்காசியில் மலை ஏறி இறங்குகிறது, நடுவில் கோபுரமோ பனையோ காற்றாலையோ நிற்கிறது, அதன் தலைப்பாதி கருத்துப்போய்விடும். விலை மலிவு என்று நான் முதலில் வாங்கிய ஃபில்டரில் மேகமெல்லாம் ரோஸ் நிறத்தில் வந்த கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

டிரைபாட் வைத்து இரண்டு ஸ்டாப் குறைத்து ஒன்று, சரியாக ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று என்று மூன்று படம் எடுத்துச் சேர்ப்பதும் நல்ல வழிதான், காற்று இல்லாத ஊரில். ஆடிக் காற்றில் சூரியகாந்தித் தலை ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு இடத்தில் இருக்கும். ஒருமுறை காற்றாலையை அப்படிச் சேர்த்ததில், மூன்று இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் பாதி அழிந்த ஒன்பது இறக்கை வந்தது. இந்தச் சேர்க்கை வேலை புதிதும் இல்லை, 1850-களிலேயே பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து ஒரே தாளில் பிரின்ட் போட்டிருக்கிறார். இன்று போன் நம்மைக் கேட்காமலே பல படங்களை எடுத்து அடுக்கிவிடுகிறது. போனில் எடுப்பவர்கள் மேகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆனால் படம் உண்மையில் கெடுவது வீட்டில், கம்ப்யூட்டர் முன்னால். எடிட்டிங் மென்பொருளில் இருட்டைத் தூக்கும் ஷேடோ ஸ்லைடரை 100-க்குத் தள்ளி, வெளிச்சத்தை அடக்கும் ஹைலைட்டை மைனஸ் 100-க்கு இழுத்தால் மேகம் அழுக்கு வேட்டி நிறத்துக்கு வருகிறது, மலை விளிம்பு முழுக்க வெள்ளையாக ஒரு ஒளிவட்டம் ஓடுகிறது, சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கும் பூ டியூப்லைட் போட்ட மாதிரி மின்னுகிறது. மாலையில் வயல் இருட்டாகத்தான் இருக்கும், அதுதான் மாலை. எனக்கு ஒரு கணக்கு உண்டு: நிழலைத் தூக்கி முடித்த பிறகும் வானம்தான் பிரகாசமாகத் தெரிய வேண்டும். குளம் இருந்தால் அதையும் பாருங்கள். தண்ணீரில் தெரியும் வானம் மேலே உள்ள வானத்தைவிடக் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், குளம் மேகத்தைவிடப் பளபளத்தால் எங்கோ ஸ்லைடர் அத்துமீறியிருக்கிறது.

அந்தத் தம்பியிடம் நான் கடைசியாகச் சொன்னது இதெல்லாம் இல்லை, நாளைக்குக் காலை ஏழு மணிக்கு வாங்க என்றுதான். முற்றிய சூரியகாந்தி சூரியனோடு சுற்றுவதில்லை, கிழக்கேதான் பார்த்து நிற்கும். நாம் மேற்கே மலையைப் பார்த்துக் கேமரா வைத்தால் பூவின் முகம் நம் பக்கம், காலை வெயில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து பூவிலும் மலையிலும் ஒன்றாக விழும். மறுநாள் போய் அளந்தோம், வித்தியாசம் ஒன்றரை ஸ்டாப்கூட இல்லை. ஒரு ஃபில்டரும் தேவைப்படவில்லை.

நானும் ஒரு காலத்தில் ஸ்லைடரை முட்டும்வரை தள்ளியவன்தான். அப்படி ஒளிவட்டம் கட்டிய ஒரு மலைப் படம் தெரிந்தவர் வீட்டு ஹாலில் இரண்டடி அகலத்தில் இன்னும் தொங்குகிறது. நல்ல பிரின்டாக மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன். அவர்களுக்கு அதுதான் பிடித்திருக்கிறதாம்.