அட்டவணை ஒன்று, எழுதியது இரண்டு இடம்

ஒருமுறை ஒரு தவறான பிழைச் செய்தியின் பின்னால் மூன்று வாரம் அலைந்தேன். லாகில் 'நேரம் கடந்துவிட்டது' என்று பதிவாகிக்கொண்டே இருந்தது. நெட்வொர்க்கைப் பார்த்தோம், டைம்அவுட்டைக் கூட்டினோம், எதுவும் மாறவில்லை. உண்மையில் வந்துகொண்டிருந்த பிழை 'அனுமதி இல்லை'. பிழைக் குறிகள் ஒரு ஈனம் (enum, வரிசை எண் பெற்ற குறிகளின் தொகுப்பு) பட்டியலில் இருந்தன, அவற்றின் பெயர்கள் இன்னொரு கோப்பில் ஓர் அரேயில் (array, வரிசைத் தொகுப்பில்) இருந்தன. யாரோ ஈனமின் நடுவில் ஒரு புதுக் குறியைச் சேர்த்துவிட்டு, பெயரை மட்டும் அரேயின் கடைசியில் சேர்த்திருந்தார். அந்த இடத்துக்குப் பிறகு வந்த குறிகள் எல்லாமே அடுத்த குறியின் பெயரைக் காட்டத் தொடங்கிவிட்டன. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் வாயே திறக்கவில்லை. இரண்டு பட்டியலிலும் எண்ணிக்கை சரியாக இருந்தது, அப்புறம் அது எதைக் கேட்கும்?

நகல் நிரல் என்றதும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் வரிகளைத்தான் நாம் தேடுகிறோம். மேலே சொன்ன இரண்டு பட்டியலும் பார்வைக்கு ஒன்றுபோல இல்லை. ஆனால் ஒரே தகவல் இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருந்தது, அவை ஒத்துப்போகவேண்டிய பொறுப்பு ஒரு மனிதரின் ஞாபகத்தில் இருந்தது. ஆபத்து அங்கேதான். தரவைக் கம்பைல் நேரத்திலேயே தயார் செய்யும் நிரல்களில் இது மிக எளிதாக நுழைகிறது, குறிப்பாக சி++ மொழியில். அதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு.

சி++ மொழியின் 2011 பதிப்பான சி++11இல், கம்பைல் நேரத்திலேயே கணக்கிட அனுமதிக்கும் கான்ஸ்ட்எக்ஸ்பர் (constexpr) வந்தபோது, அந்த வகை ஃபங்ஷனுக்குள் நடைமுறையில் ஒரே ஒரு ரிட்டர்ன் வரிதான் எழுத முடிந்தது. லூப் கிடையாது. அதனால் ஒரே கணக்கைக் கம்பைல் நேரத்துக்கு ரிக்கர்ஷனாகவும் (தன்னையே அழைக்கும் ஃபங்ஷனாகவும்), ஓடும் நேரத்துக்கு லூப்பாகவும் இரண்டு தடவை எழுதிவைத்தோம். சி++14 அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டது. இன்று ஒரே ஃபங்ஷன் இரண்டு நேரத்திலும் ஓடும். ஆனாலும் பழைய இரட்டை வடிவங்கள் பல நிரல்களில் அப்படியே கிடக்கின்றன. ஒன்றில் திருத்துகிறார்கள், மற்றொன்று திருந்துவதில்லை. உங்கள் நிரலில் பெயரின் வாலில் 'ஸ்டாட்டிக்' என்றோ 'கான்ஸ்ட்' என்றோ ஒட்டிய ஜோடி ஃபங்ஷன்கள் இருந்தால், முதலில் அவற்றைத் திறந்து பாருங்கள்.

தரவு கெடாமல் வந்ததா என்று சரிபார்க்க உதவும் சிஆர்சி-32 கணக்கின் அட்டவணை இதற்கு நல்ல உதாரணம். 256 எண்கள், ஒவ்வொன்றும் 4 பைட், மொத்தம் 1,024 பைட். பலர் அந்த 256 எண்களையும் எங்கிருந்தோ காப்பி செய்து ஒட்டுகிறார்கள். அவற்றை உருவாக்கும் கணக்கு பத்து வரிகூட வராது. அதைக் கான்ஸ்ட்எக்ஸ்பராக எழுதினால் அட்டவணையைக் கம்பைலரே நிரப்பிக்கொள்ளும். அதோடு நிறுத்தாமல், கம்பைல் நேரத்திலேயே சோதிக்கும் ஸ்டாட்டிக் அஸர்ட் ஒன்றையும் போட்டுவிடுங்கள்: ஒன்று முதல் ஒன்பது வரையான இலக்கங்களை எழுத்துச் சரமாகக் கொடுத்தால் விடை 3421780262 வரவேண்டும். சிஆர்சி-32க்கு இது எல்லோருக்கும் தெரிந்த சோதனை விடை. கணக்கில் யாராவது கை வைத்துக் கெடுத்தால் பில்டே நின்றுவிடும்.

இன்னொரு நகல் இன்னும் நுட்பமானது. எத்தனை உறுப்புகள் வரும் என்று முன்கூட்டியே தெரியாத தரவைக் கம்பைல் நேரத்தில் பதப்படுத்தும்போது அது முளைக்கிறது. கமாவால் பிரித்த ஒரு சரத்தைத் துண்டாக்கி, வெற்றுத் துண்டுகளை விலக்கி, வரிசைப்படுத்தி அரேயில் வைக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அரேயின் அளவு அதன் டைப்பிலேயே அடங்கியது, எனவே முதலில் எண்ணிக்கை தெரிந்தாக வேண்டும். பலர் என்ன செய்கிறார்கள்? எண்ணுவதற்கு ஒரு ஃபங்ஷன், நிரப்புவதற்கு ஒரு ஃபங்ஷன். இரண்டிலும் அதே லூப், அதே நிபந்தனை. ஒரு நாள் 'வெறும் இடைவெளி மட்டும் உள்ள துண்டும் வேண்டாம்' என்று நிரப்பும் ஃபங்ஷனில் மட்டும் சேர்ப்பார்கள். அரேயின் கடைசி இடம் காலியாக நின்றுவிடும். வரிசைப்படுத்தினால் அந்தக் காலி முதலிடத்துக்கு வந்து உட்காரும். நான் பார்த்த நிரலில் அப்படித்தான் நடந்தது.

சி++20இல், அளவு மாறக்கூடிய தொகுப்பான வெக்டரைக் கம்பைல் நேரத்திலும் பயன்படுத்தலாம். சரி, அப்படியானால் வெக்டரையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். முடியாது. கம்பைல் நேரக் கணக்குக்குள் ஒதுக்கிய நினைவகத்தை அந்தக் கணக்கு முடிவதற்குள் விடுவித்தாக வேண்டும், ஓடும் நேரத்துக்கு அது தாண்டி வராது. வெக்டரை வாங்கி அரேயாக மாற்றும் ஒரு பொது ஃபங்ஷன் எழுதலாம் என்றால் அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை: ஃபங்ஷனின் பாராமீட்டர் அதன் உள்ளே மாறிலியாகக் கருதப்படாது, கம்பைல் நேரத்தில் மட்டுமே ஓடும் கான்ஸ்ட்எவல் ஃபங்ஷனாக இருந்தாலும்கூட. எனவே அதன் அளவைக் கொண்டு அரேயை அறிவிக்க முடியாது.

வழி எளிது, ஆனால் முதல் பார்வையில் தோன்றாது. தரவை அனுப்பாதீர்கள், தரவை உருவாக்கும் லாம்ப்டாவை (பெயரில்லாத சிறு ஃபங்ஷனை) அனுப்புங்கள். வெளியிலிருந்து எதையும் பிடித்து வைக்காத லாம்ப்டா என்றால், அதை அழைக்க அதன் டைப் தெரிந்தாலே போதும். அதனால் பொது ஃபங்ஷனுக்குள் அதை மாறிலிக் கணக்காகவே அழைக்கலாம். முதல் அழைப்பில் வெக்டரின் அளவை எடுத்துக்கொள்கிறோம், இரண்டாவது அழைப்பில் அதன் உறுப்புகளை அரேயில் நகலெடுக்கிறோம். கம்பைலர் இரண்டு தடவை கணக்குப் போடுகிறது, நாம் ஒரே தடவை எழுதுகிறோம். துண்டாக்கும் நிபந்தனை ஒரே இடத்தில் இருப்பதால் எண்ணிக்கையும் உள்ளடக்கமும் பிசகவே வழியில்லை. இந்தப் பொது ஃபங்ஷன் ஆறேழு வரிதான். ஒருமுறை எழுதிவிட்டால் திட்டம் முழுவதும் அதையே பயன்படுத்தலாம்.

தரவு பெரிதானால் இரண்டு தடவைக் கணக்கு பில்ட் நேரத்தைத் தின்னும், வரம்பிலும் முட்டும். கிளாங் கம்பைலரின் இயல்பு வரம்பு ஒரு கணக்குக்கு 10,48,576 படிகள், ஜிசிசி கம்பைலரில் ஒரு லூப்புக்கு 2,62,144 சுற்றுகள். அப்போது வேறு வழி உண்டு: தேவைக்கு மேல் பெரிய ஓர் அரேயையும் உண்மையான எண்ணிக்கையையும் ஒரே ஸ்ட்ரக்டில் வைத்து அதைக் கான்ஸ்ட்எக்ஸ்பர் மாறியாக்கிவிட்டு, பிறகு சரியான அளவுள்ள அரேக்கு வெட்டி எடுப்பது. பெரிய அரே கம்பைலரோடு நின்றுவிடும் என்பதால், ஓடும் நிரல் பருக்காது. வரம்பை உயர்த்தும் ஆப்ஷனை முதலில் தேடுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

பில்டுக்கு முன் பைதான் ஸ்கிரிப்ட் ஓடி ஹெடர் கோப்பை உருவாக்கும் திட்டங்களும் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் அதே கோப்பு வடிவத்தை ஓடும் நேரத்தில் சி++ நிரலும் படிக்கிறது என்றால், ஒரே வடிவத்துக்கு இரண்டு மொழியில் இரண்டு பார்சர் (கோப்பைப் படித்துப் பிரிக்கும் நிரல்). ஒன்று காலி வரியை விட்டுவிடும், மற்றொன்று பிழை என்னும். சி மொழியின் சி23 பதிப்பிலும் சி++26இலும் வந்துள்ள எம்பெட் வசதியால் கோப்பின் பைட்டுகளை நேரடியாக நிரலுக்குள் கொண்டுவரலாம். பார்சரைக் கான்ஸ்ட்எக்ஸ்பராக எழுதினால் அந்த ஒன்றே இரண்டு நேரத்துக்கும் போதும். இதில் எனக்கு மிகவும் பிடித்த பலன் ஒன்று உண்டு: அரேயின் எல்லை தாண்டிப் படிப்பது போன்ற வரையறுக்கப்படாத செயல்களைக் கம்பைல் நேரக் கணக்கில் கம்பைலர் பிழையாகவே நிறுத்திவிடும். ஓடும் நேரத்தில் மௌனமாக ஒளிந்திருக்கும் பக்கைப் பல தடவை இப்படிக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன்.

ஒன்றாக்கக் கூடாத இடமும் உண்டு. இன்று ஒரே மாதிரி இருக்கும் இரண்டு அட்டவணைகள் வெவ்வேறு காரணத்துக்காக மாறக்கூடியவை என்றால் அவற்றைத் தனித்தனியாகவே விடுங்கள். வலிந்து சேர்த்த டெம்ப்ளேட்டுக்குள் (பொது நிரல் அச்சுக்குள்) பிறகு விதிவிலக்குகள் குவியும், பிழைச் செய்தி பக்கம் பக்கமாக வரும்.

அந்தப் பிழைக் குறிப் பட்டியலுக்கு வருகிறேன். அதை ஒரே பட்டியல் மேக்ரோவாக (கம்பைலுக்கு முன் நிரலாக விரியும் சுருக்கமாக) மாற்றினோம்: ஒவ்வொரு வரியிலும் குறியும் பெயரும் பக்கத்தில் பக்கத்தில். அதிலிருந்தே ஈனமும் பெயர் அரேயும் பிறக்கின்றன. எக்ஸ்-மேக்ரோ என்று அழைக்கப்படும் பழைய உத்தி இது. டிபக்கரில் பார்ப்பது சிரமம், அழகும் இல்லை. 2025 ஜூனில் சோஃபியாவில் நடந்த சி++ தரக் குழுக் கூட்டத்தில், நிரல் தன் அமைப்பையே படிக்க உதவும் ரிஃப்ளெக்ஷன் சி++26க்கு ஏற்கப்பட்டுவிட்டதால், ஈனமிலிருந்தே பெயர்களை எடுக்க இனி மேக்ரோ தேவைப்படாது. எங்கள் கம்பைலர் அந்த இடத்துக்கு வரும்வரை மேக்ரோவையே வைத்திருக்கிறோம். பட்டியலின் தலைப்பில் 'எங்கே வேண்டுமானாலும் சேர்க்கலாம்' என்று ஒரு கமெண்ட் இருக்கிறது. அதற்குப் பிறகு நான்கு பேர் நடுவில் புதுக் குறிகளைச் சேர்த்திருக்கிறார்கள், ஒரு பெயரும் இடம் மாறவில்லை.