எந்தக் ‘கோட்’, சித்தி?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அக்கா மகளுக்கு டிக்டேஷன் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘கோட்’ என்றேன். பென்சிலை நிறுத்தி, “எந்தக் கோட் சித்தி, போட்டுக்கிறதா, மேயுறதா?” என்றாள். சரியான கேள்வி. சி-யில் தொடங்கும் உடுப்பையும் ஜி-யில் தொடங்கும் ஆட்டையும் நான் ஒன்றுபோலத்தான் உச்சரித்திருந்தேன்.

குரல்வளை அதிரும் ‘க’, அதிராத ‘க’ இரண்டும் தமிழில் உண்டு. குரல்வளையில் விரல் வைத்து ‘கல்’, ‘தங்கம்’ என்று சொல்லிப் பாருங்கள். தங்கத்தின் ‘க’ முழுக்க அதிரும். கல்லின் ‘க’ அதிராது. ஆனால் எது எங்கே வரும் என்பதை அந்த எழுத்து நிற்கும் இடமே முடிவு செய்கிறது, பொருள் மாறுவதில்லை. அதனால் ஒரே எழுத்து போதும். காதும் அந்த வேறுபாட்டை விட்டுவிடுகிறது.

இது தொட்டிலிலேயே படியும் பழக்கம். ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6–8 மாதத்தில் இந்தியின் ‘த’, ‘ட’ இரண்டையும் பிரித்தறிந்தன. 10–12 மாதத்தில் அந்தத் திறன் பெரும்பாலும் போய்விட்டது. விழுப்புரத்தின் ‘ழ’வுக்கு ஆங்கிலேயர் ‘எல்’ போட்டதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அதே ஆங்கிலேயர் கடலூரின் ‘ட’வுக்கு ஆங்கிலத்தின் நான்காம் எழுத்தை இரட்டித்தார்கள். இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே ‘ட’ அதிர்வதை அவர்கள் காது பிடித்தது. நமக்கு அது வெறும் ‘ட’.

ஆங்கிலேயர் உடுப்பைச் சொல்லும்போது முதலில் ஒரு மூச்சு வெளியேறுகிறது. சுமார் 80 மில்லிவிநாடி கழித்தே குரல் எழுகிறது. ஆட்டுக்கு இடைவெளி 20 அளவுதான். நம் ‘க’வும் 20-ஐ ஒட்டியே இருப்பதால், நாம் உடுப்பு என்று சொன்னாலும் அவர்களுக்கு ஆடு கேட்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கும் இங்கே உதவி கிடைக்காது. பிரெஞ்சின் ‘க’விலும் அந்த மூச்சு இல்லை.

கடலுக்கும் பார்ப்பதற்கும் வரும் ‘சீ’ வேறு வகை. இன்றைய ஆங்கிலேயருக்கே அவை ஒரே ஒலிதான். 14-ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் உயிரொலி வேறு. பிறகு ஒலிகள் கலந்துவிட்டன, எழுத்து மட்டும் பழையபடி நின்றுவிட்டது. அதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

‘கோட்’டுக்கு அப்படியல்ல, பழகினால் வரும். ஜப்பானியருக்கு ‘ர’, ‘ல’ வேறுபாட்டைக் கற்பித்த ஆய்வுகளில், பலருடைய குரல்களில் சொல் ஜோடிகளைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் முன்னேறினார்கள். நாங்கள் கூடவே ஒரு மெல்லிய காகிதத் துண்டையும் உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டோம். உடுப்புக்குக் காகிதம் படபடக்க வேண்டும், ஆட்டுக்கு அசையக் கூடாது. மூன்றாம் நாள் அவள் காகிதம் படபடத்தது.