ஒரே பாறை வெடிப்பில் 48 குழாய்கள்

சென்ற ஆண்டு ஏப்ரலில் கோவைப் புறநகரில் ஒரு வீட்டுக்கு நீரோட்டம் பார்க்கப் போயிருந்தேன். 900 அடிக்குப் போட்ட போர் இரண்டே வருடத்தில் வற்றிவிட்டது. அன்று பக்கத்து மனையில் ரிக் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. 700 அடி தாண்டியும் வெள்ளைப் புகைதான் வந்தது. பொடியில் ஈரம் தட்டவே இல்லை. கொடியில் காய்ந்த துணியெல்லாம் பாறைமாவு. “இன்னும் 300 அடி போனால் கிடைக்குமா சார்?” என்று கேட்டார் என்னை அழைத்த வீட்டுக்காரர்.

போக வேண்டாம் என்றேன். கொங்குப் பகுதியில் பெரும்பாலும் கடும்பாறை நிலம். மேலே இருக்கும் சிதைந்த பாறையிலும், அதற்குக் கீழுள்ள வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்கும். ஆழம் கூடக் கூட, மேலிருக்கும் பாரத்தில் வெடிப்புகள் இறுகிவிடும். 900 அடியில் அதிர்ஷ்டவசமாக ஒன்று அகப்பட்டாலும், அதில் இருப்பது நெடுங்காலச் சேமிப்பு. ஒரு மழைக்காலத்தில் அது திரும்ப நிறையாது.

அந்த இடம் முன்பு 4 ஏக்கர் தோட்டம். இப்போது 48 மனைகள், ஏறக்குறைய மனைக்கு ஒரு போர். ஒரு வீட்டில் மோட்டார் போட்டால் அடுத்த வீட்டுக் குழாயில் காற்று வருகிறது.

தோட்டமும் குறைவாகக் குடிக்கவில்லை. வாழைக்கும் மஞ்சளுக்கும் நிறையத்தான் இறைத்திருப்பார்கள். ஆனால் அது 80 அடிக் கிணறு. தண்ணீர் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். தெரிந்ததும் பாதித் தோட்டத்தைத் தரிசாகப் போடுவோம் என்றார் நிலத்தை விற்ற பெரியவர். போரில் எட்டிப் பார்க்க வழியில்லை. மோட்டார் வெறுமனே ஓடும் நாளில்தான் நமக்கே தெரிகிறது.

ஒரே நிலத்தடி நீரை இத்தனை வீடுகள் பங்குபோடுவதும் மக்கள்தொகைக் கணக்குதான். நாமோ மக்கள்தொகை என்றதும் பிள்ளைகளின் எண்ணிக்கையையே பேசுகிறோம். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். ஆனால் பிறந்துவிட்டவர்கள் எல்லாருக்கும் தண்ணீர் வேண்டுமே! 1951இல் இந்தியாவில் 36 கோடிப் பேர். இன்று 140 கோடிக்கு மேல். மழை அதற்கேற்பப் பெருகவில்லை.

என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். 1,000 சதுர அடி மாடி. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழை என்றால் விழுவது சுமார் 55,000 லிட்டர். ஆவியானது, வழிந்தது போக 45,000 என்று வையுங்கள். தலைக்கு 135 லிட்டர் வீதம் நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 540 லிட்டர். ஒரு சொட்டு விடாமல் சேமித்தாலும் 83 நாள்தான் வரும். அதே மாடிக்குக் கீழே நான்கு குடும்பங்கள் என்றால் எல்லாருக்குமாக 20 நாள்தான். மீதி நாளெல்லாம் இன்னொருவர் நிலத்தில் விழுந்த மழையைத்தான் குடிக்கிறோம். இது குழாயில் வரும் தண்ணீர் மட்டும். தட்டில் இருக்கும் சோறு குடித்த தண்ணீர் தனிக் கணக்கு. நாட்டில் எடுக்கப்படும் நிலத்தடி நீரில் பெரும்பங்கு பாசனத்துக்கே போகிறது.

அந்தத் தோட்டத்துக் கிணறு மனைப்பிரிவின் மூலையில், கட்டடக் கழிவு பாதி நிரம்பிக் கிடந்தது. அடுத்த போருக்கு வைத்திருந்த பணத்தில் அதைத் தூர்வாரச் சொன்னேன். ஏழு வீட்டுக்காரர்கள் சம்மதித்தார்கள். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, பிறகு மாடித் தண்ணீரை ஜல்லியும் மணலும் நிரப்பிய தொட்டி வழியாகக் கிணற்றில் இறக்கினோம். மேலே கம்பிவலை போட்டாயிற்று.

வற்றிய போர் வற்றியேதான் கிடக்கிறது. ஆனால் ஐப்பசி மழைக்குப் பிறகு, துணி துவைக்கவும் செடிக்கு ஊற்றவும் ஏழு வீடுகளும் கிணற்றுத் தண்ணீரையே எடுத்தன. மாசியில் நான் போனபோது ஒரு சிறுமி வலை வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்து, நேற்றைவிடக் கிணற்றுப் படி ஒன்று கூடுதலாக வெளியே தெரிகிறது என்று அம்மாவிடம் சொன்னாள். அன்று அந்த வீட்டில் வாசல் கழுவவில்லை.